கோடையில் மோட்டார் சைக்கிள் என்ஜின் அதிகம் சூடாவது ஏன்? தவிர்ப்பது எப்படி?

ராஜஸ்தானின் பலோடியில் 2016-ஆம் ஆண்டு மே 19-ஆம் தேதி 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. இத்தகைய கோடையிலும் பால் கொண்டு செல்வோர், உணவு விநியோகிப்போர் எனப் பலரது பிழைப்பு 100 சிசி அளவிலான மோட்டார் சைக்கிளை நம்பியே உள்ளது. 97.2 சிசி ஹீரோ ஸ்பிளெண்டர் உள்ளிட்ட இவ்வகை வாகனங்களில் ரேடியேட்டரோ, குளிர்விக்கும் விசிறியோ கிடையாது.

குளிர்வது எவ்வாறு?

பெட்ரோல் எரிவதால் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. மீதமுள்ளதில் ஒரு பகுதி புகையுடன் வெளியேற, மற்றொரு பகுதி சிலிண்டரைச் சூடாக்குகிறது. சிலிண்டரைச் சுற்றியுள்ள அலுமினியத் தகடுகள் அவ்வெப்பத்தைக் காற்றுக்குக் கடத்துகின்றன. காற்றுப் படாத உட்பாகங்களின் வெப்பத்தை என்ஜின் ஆயில் அகற்றுகிறது.

வெயிலா, நெரிசலா?

தகட்டின் வெப்பநிலை 150 டிகிரி எனக் கொள்வோம். 25 டிகிரி காற்றுடன் அதன் வேறுபாடு 125 டிகிரி. 50 டிகிரி காற்றுடன் 100 டிகிரி. எனவே, கடும் வெயிலால் வெப்பம் வெளியேறும் அளவு சுமார் ஐந்தில் ஒரு பங்கே குறைகிறது. ஆனால், நெரிசலில் வாகனம் நிற்கும்போது காற்றோட்டமே தடைபடுகிறது. ஆகவே நீண்ட சிக்னல்களில் என்ஜினை அணைப்பதே முதல் தீர்வாகும்.

கவனிக்க வேண்டியவை

* ஆயிலின் அளவையும் தரத்தையும் வாகனக் கையேட்டின்படி பராமரிக்க வேண்டும். ஆயில் குறைந்தால் உராய்வும் வெப்பமும் ஒருசேர அதிகரிக்கும்.
* தகடுகளுக்கிடையே படிந்த சேற்றை என்ஜின் ஆறிய பின் அகற்ற வேண்டும். காற்றை மறைக்கும் உறைகளைத் தவிர்க்க வேண்டும்.
* கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர் குழாயில் விரிசல் இருந்தால், கூடுதல் காற்று புகுந்து என்ஜின் மிகையாகச் சூடாகும்.
* பிரேக் உரசினாலோ, கிளட்ச் வழுக்கினாலோ என்ஜினின் சுமை கூடும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றினால் பிரேக் உரசல் தெரிந்துவிடும்.

எச்சரிக்கை அறிகுறிகள்

இழுவைத் திறன் குறைதல், தட்டும் ஒலி, ஆயில் கருகும் வாடை ஆகியவை தென்பட்டால் உடனே நிழலில் நிறுத்தி என்ஜினை ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. உலோகம் திடீரெனச் சுருங்கி விரிசல் விழக்கூடும்.

அறிகுறிகளைப் புறக்கணித்தால், ஓடும்போதே பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பின்சக்கரம் சுழலாமல் நின்றுவிடும் அபாயம் உண்டு. அந்நிலையில் உடனடியாக கிளட்சைப் பிடித்தால் சக்கரம் விடுபடும். வாகனத்தைச் சாலையோரம் பாதுகாப்பாக நிறுத்த முடியும்.