காய்ந்த கிழங்கின் கடற்பயணம்

அனிமோனிப் பூச்செடியின் கிழங்கைக் கையில் எடுத்தால் உயிருள்ள பொருள் என்றே தோன்றாது. கறுத்துச் சுருங்கிய சுக்குத்துண்டு மாதிரி இருக்கும். மேல் எது, கீழ் எது என்று பிடிபடாது. இப்படிக் காய்ந்து கிடக்கத் தெரிந்ததால்தான் அது கடல் கடந்து போனது.

தாய்வீடு மத்தியதரைக் கடலோரம். அங்கே மழை பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். கோடையில் இலையெல்லாம் கருக, செடி கிழங்காக மண்ணுக்குள் ஒடுங்கிவிடும். மழை இறங்கியதும் துளிர்த்து, குளிர் முடிவதற்குள் பூத்துவிடும். இஸ்ரேலில், நெகேவ் பாலைவனத்தின் வடபகுதியில் பிப்ரவரியில் தரையெல்லாம் சிவப்பு; வடக்கே கலிலேயாவில் ஊதாவும் வெள்ளையும் கலந்து நிற்கும். அந்தச் சிவப்பைத் தேடி வருவது தேனீயைவிட வண்டுதான். மகரந்தத்தைத் தின்றுவிட்டு, பூக்கிண்ணத்துக்குள்ளேயே அது தங்கியும் விடும்.

16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டக்காரர்களிடம் அனிமோனி மோகம் பரவியது. 1629இல் லண்டனில் ஜான் பார்க்கின்சன் வெளியிட்ட தோட்ட நூலில் இதன் வகைகள் பக்கம் பக்கமாக வருகின்றன. பாரிஸில் ஒரு கதை சொல்வார்கள். பாஷெலியே என்ற பூ வளர்ப்பவர் தன்னிடமிருந்த உயர்ந்த ரகங்களை ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தரவில்லை. விதை முற்றிய சமயம் பார்த்து நீதிமன்ற அதிகாரி ஒருவர் நீள அங்கியோடு வந்தார். பேச்சுவாக்கில் அங்கியைச் செடிமேல் புரளவிட்டார். பின்னால் வந்த வேலைக்காரன் அதைச் சட்டென்று சுருட்டிக்கொண்டான். அனிமோனி விதைக்குப் பஞ்சுப்போர்வை உண்டு, காற்றில் பறப்பதற்காக. துணியிலும் அது அப்படியே ஒட்டிக்கொள்ளும். அதனால் இந்தக் கதையை நான் நம்புகிறேன்.

பிறகு நார்மண்டியின் கான் நகரப் பெயரில் ஒற்றையடுக்கு 'தெ கான்' ரகம் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டப்ளினை அடுத்த ஹோத்தில் லாரன்சன் என்ற பெண்மணி அடுக்குப்பூ ரகத்தை வளர்த்தெடுத்தார். தன் புனைபெயரான 'செயின்ட் பிரிஜிட்'டையே அதற்கு வைத்தார். எனக்கு ஒற்றையடுக்குதான் அழகு. நடுவிலுள்ள கருநீல மகரந்த வட்டத்தை அடுக்குப்பூ மறைத்துவிடுகிறது.

இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் கிழங்கை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, உப்பியதும் இரண்டு அங்குல ஆழத்தில் நடுகிறார்கள். தலைப்பக்கம் தெரியாவிட்டால் படுக்கவைத்தால் போதும். முளை தானே வழி தேடிக்கொள்ளும். வெயிலும், நீர் தேங்காத மண்ணும் கட்டாயம் வேண்டும். இலை மஞ்சளானதும் தண்ணீர் காட்டக் கூடாது. அந்நாட்டுக் கோடைமழையோ கேட்காமல் பெய்யும். ஈரத்தில் கிழங்கு அழுகும். அதனால்தான் பலர் ஆண்டுதோறும் புதுக்கிழங்கு வாங்குகிறார்கள்.