சுக்கோ

சுக்கோ என்பது ஜப்பானிய நிறுவனங்களில் பரவலாகக் காணப்படும் ஒரு பணியாளர் இடமாற்ற முறை ஆகும். ஒரு நிறுவனத்தில் பணிபுரியும் ஊழியரை, அதன் துணை நிறுவனத்திலோ தொடர்புடைய வேறொரு நிறுவனத்திலோ நீண்ட காலம் பணியாற்றுமாறு அந்நிறுவனம் அனுப்புவதை இச்சொல் குறிக்கும். வெளியே செல்லுதல், ஒன்றை நோக்கிச் செல்லுதல் ஆகிய பொருள்களைத் தரும் இரு எழுத்துகள் இணைந்து இச்சொல் அமைந்துள்ளது. ஒரே நிறுவனத்தின் கிளைகளுக்கு இடையே நிகழும் இடமாற்றத்திலிருந்து இது வேறுபட்டது. இங்கு ஊழியருக்கு வேலையிடும் நிறுவனமே மாறிவிடுகிறது.

வகைகள்

சுக்கோ இரு வகைப்படும்.

- ஸாய்செகி சுக்கோ: ஊழியரின் பெயர் தாய் நிறுவனத்தின் பதிவேட்டில் தொடர்ந்து இருக்கும். அவருக்குத் தாய் நிறுவனம், ஏற்கும் நிறுவனம் ஆகிய இரண்டுடனும் வேலை உறவு உண்டு. சுக்கோ என்று மட்டும் கூறினால் பெரும்பாலும் இவ்வகையையே குறிக்கும்.
- தென்செகி: தாய் நிறுவனத்துடனான ஒப்பந்தம் முடிவுற்று, புதிய நிறுவனத்துடன் ஒப்பந்தம் தொடங்கும். ஊழியர் திரும்பி வருவது இதில் எதிர்பார்க்கப்படுவதில்லை.

முதல் வகையில் வேலை நேரம், விடுப்பு, பணியிடப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு ஏற்கும் நிறுவனம் பொறுப்பேற்கும். பணிநீக்கம் செய்யும் அதிகாரம் பொதுவாகத் தாய் நிறுவனத்திடமே இருக்கும். ஊதியத்தை யார் வழங்குவது என்பதை இரு நிறுவனங்களும் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம் தீர்மானிக்கும். ஏற்கும் நிறுவனத்தின் ஊதியம் குறைவாக இருப்பின், அவ்வேறுபாட்டைத் தாய் நிறுவனம் ஈடுசெய்வதும் உண்டு.

நோக்கங்கள்

துணை நிறுவனத்திற்குத் தொழில்நுட்ப வழிகாட்டல் அளித்தல், இளம் ஊழியர்களுக்குப் பயிற்சி தருதல், குழும நிறுவனங்களுக்கிடையே ஆள் பரிமாற்றம், வேலையிழப்பைத் தவிர்த்தல் ஆகியன இதன் முதன்மை நோக்கங்கள். பிறருக்கு ஆள் வழங்குவதைத் தொழிலாகச் செய்வதை 1947ஆம் ஆண்டின் வேலைப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. மேற்கண்ட நோக்கங்களுக்காகச் செய்யப்படும் சுக்கோ அத்தகைய தொழிலாகக் கருதப்படுவதில்லை.

வரலாறு

நீண்டகால வேலை உறுதி என்பது போருக்குப் பிந்தைய ஜப்பானியப் பெருநிறுவனங்களின் அடையாளமாக இருந்தது. ஆட்குறைப்புச் செய்வது கடினமாக இருந்ததால், நெருக்கடிக் காலங்களில் சுக்கோ அதற்கு மாற்றாகப் பயன்பட்டது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னரும், 1985க்குப் பின் யென் மதிப்பு உயர்ந்தபோதும் எஃகு, கப்பல் கட்டுதல் போன்ற துறைகளில் இது பெருகியது. நிறுவனங்களுக்கிடையே ஊழியர் மாறிச் செல்வதற்கு உதவும் தொழில் வேலைவாய்ப்பு நிலைப்படுத்தல் மையம் 1987இல் நிறுவப்பட்டது.

2020இல் கொரோனாத் தொற்றால் வானூர்திப் பயணம் முடங்கியபோது, விமான நிறுவன ஊழியர்கள் மின்னணுப் பொருள் விற்பனைக் கடைகள் உட்பட முற்றிலும் தொடர்பற்ற நிறுவனங்களுக்கும் அனுப்பப்பட்டனர். இத்தகைய சுக்கோவுக்கு உதவ ஜப்பானிய அரசு 2021இல் ஒரு மானியத் திட்டத்தைத் தொடங்கியது.

ஊழியரின் ஒப்புதல்

ஊழியர் இதனை மறுக்கலாமா என்பதே சுக்கோ தொடர்பான முதன்மைச் சட்டக் கேள்வி. ஊழியரின் ஒப்புதலின்றி, அவரிடம் வேலை வாங்கும் உரிமையை முதலாளி வேறொருவருக்கு மாற்ற இயலாது என்று ஜப்பானியக் குடிமையியல் சட்டத்தின் 625ஆம் பிரிவு கூறுகிறது. அந்த ஒப்புதலை ஒவ்வொரு முறையும் தனித்தனியே பெற வேண்டுமா, வேலையில் சேரும்போது ஏற்ற பணி விதிகளே போதுமா என்பது குறித்துக் கருத்து வேறுபாடு நிலவியது.

நிப்பான் ஸ்டீல் நிறுவனத்தின் யவாத்தா ஆலையில் நடைபெற்ற போக்குவரத்துப் பணிகள் ஒரு துணை நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அப்பணியைச் செய்துவந்த ஊழியர்கள் அந்நிறுவனத்திற்கே அனுப்பப்பட்டனர். இதனை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பளித்தது. பணி விதிகளிலும் தொழிற்சங்க ஒப்பந்தத்திலும் சுக்கோவுக்கு இடமிருந்தது. காலம், ஊதியம், ஓய்வுத் தொகை, பதவி உயர்வு ஆகியவை பற்றி ஊழியர் நலன் கருதிய விரிவான விதிகளும் இருந்தன. எனவே தனி ஒப்புதல் தேவையில்லை என நீதிமன்றம் முடிவு செய்தது. சுக்கோ காலம் நீட்டிக்கப்பட்டதையும் அது ஏற்றது.

தென்செகியில் பழைய ஒப்பந்தம் முடிவுறுவதால், பொதுவாக ஊழியரின் தனிப்பட்ட ஒப்புதல் தேவை. மாறாக, ஸாய்செகி சுக்கோவிலிருந்து தாய் நிறுவனத்திற்குத் திரும்புமாறு ஆணையிட, சிறப்புச் சூழல்கள் இல்லாதவிடத்து ஒப்புதல் தேவையில்லை என 1985இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தாய் நிறுவனத்தில் வேலை செய்வதே தொடக்க ஒப்பந்தத்தின் உள்ளடக்கம் என்பது இதற்கான காரணம்.

உரிமை மீறல்

ஆணையிடும் அதிகாரம் இருப்பினும் அதனை முறைகேடாகப் பயன்படுத்தல் ஆகாது. 2007இல் இயற்றப்பட்டு 2008 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஒப்பந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இதனை உறுதிப்படுத்துகிறது. சுக்கோவின் தேவை, ஊழியர் தேர்ந்தெடுக்கப்பட்ட விதம் முதலியவற்றைக் கருதும்போது உரிமை மீறலாகத் தோன்றும் ஆணை செல்லாது. எனினும், எந்தச் சூழலில் முதலாளிக்கு ஆணையிடும் அதிகாரம் பிறக்கிறது என்பதை இச்சட்டம் வரையறுக்கவில்லை. அது நீதிமன்றத் தீர்ப்புகளைச் சார்ந்தே உள்ளது.

ரிக்கோ நிறுவனத்தில் விருப்ப ஓய்வை ஏற்க மறுத்த ஊழியர்கள் ஒரு சரக்குக் கையாளும் துணை நிறுவனத்திற்கு அனுப்பப்பட்டனர். அதுவரை அவர்கள் மேசைப் பணியே செய்து வந்தவர்கள். ஊழியர்கள் தாமே விலகிவிடுவர் என்ற எதிர்பார்ப்புடன் வழங்கப்பட்ட ஆணை எனக் கருதி, டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2013 நவம்பர் 12 அன்று அதனைச் செல்லாது என அறிவித்தது.

சமூகப் பார்வை

வங்கிகளில் 50 வயதை அண்மித்தவர்கள் தொடர்புடைய நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே ஓய்வு பெறுவது நெடுநாள் வழக்கம். திரும்பி வர வாய்ப்பில்லாத இத்தகைய சுக்கோ "ஒருவழிப் பயணச்சீட்டு" எனப்படுகிறது. இக்கெய்தோ ஜுன் எழுதிய புதினங்களைத் தழுவி 2013இல் ஒளிபரப்பான ஹன்சாவா நவோக்கி என்னும் தொலைக்காட்சித் தொடரில், வங்கியின் ஊழலை வெளிக்கொணர்ந்த நாயகனுக்கு இறுதியில் கிடைப்பது சுக்கோ ஆணையே. காந்தோ வட்டாரத்தில் அதன் இறுதிப் பகுதி 42.2% பார்வையாளர் வீதத்தைப் பெற்றது.

அதே வேளையில், பெருநிறுவனத்தின் ஒரு துறையை மட்டுமே அறிந்த இளம் ஊழியர், சிறிய துணை நிறுவனத்தில் முழு நிர்வாகத்தையும் கற்றுத் திரும்பும் வாய்ப்பாகவும் சுக்கோ அமைவதுண்டு. காலவரையறை, திரும்பும் உறுதி, ஊதிய ஈடு ஆகியவை எழுத்தில் தெளிவாக உள்ளனவா என்பதைப் பொறுத்தே ஊழியரின் பாதுகாப்பு பெரிதும் அமைகிறது.