இலங்கைப் பயங்கரவாதத் தடைச் சட்டமும் நீதியான விசாரணைக்கான உரிமையும்

1979 இன் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம், ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்கத்தால் 1979 ஜூலையில் நிறைவேற்றப்பட்டது. அதே மாதத்தில்தான் யாழ்ப்பாணத்தில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டு, ஆண்டு முடிவதற்குள் பயங்கரவாதத்தை ஒழிக்கும்படி பிரிகேடியர் வீரதுங்கவுக்கு ஜனாதிபதி கட்டளையிட்டார். 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற பெயரோடு வந்த இச்சட்டத்தின் ஆயுள் மூன்று ஆண்டுகள் எனக் குறிக்கப்பட்டிருந்தது. 1982 ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த எல்லையை நீக்கியது. பெயரில் மட்டும் 'தற்காலிகம்' இன்னும் இருக்கிறது.

ஒன்பதாம் பிரிவின் கீழ் அமைச்சரின் ஆணை ஒன்றே போதும். மும்மூன்று மாதங்களாக நீடித்து, குற்றப்பத்திரம் இல்லாமலே ஒருவரை 2022 வரை பதினெட்டு மாதம் தடுத்து வைக்க முடிந்தது. ஆனால் இச்சட்டத்தின் ஆணிவேர் 16 ஆம் பிரிவு. 1895 ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டப்படி, பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. காவலில் இருப்பவர் அடிக்கும் மிரட்டலுக்கும் பயந்து எதையும் சொல்லக்கூடும் என்பதை அறிந்தே அந்தப் பாதுகாப்பு வைக்கப்பட்டது. 16 ஆம் பிரிவு அதைத் தலைகீழாக்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ள அதிகாரி பதிவுசெய்த வாக்குமூலம் செல்லும். அது பலவந்தமாகப் பெறப்பட்டது என்று காட்டும் பொறுப்பு எதிரியின் தலையில் விழும். சாட்சிகள் எவருமில்லாத அறையில் நடந்ததை அவர் எதைக்கொண்டு நிரூபிப்பார்?

நல்லரத்தினம் சிங்கராசா வழக்கு இதற்கு வேதனையான சான்று. மட்டக்களப்பு மாவட்டத்தில் 1993 ஜூலையில் நடந்த சுற்றிவளைப்பில் பிடிபட்ட அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். மாதங்கள் கழித்து, டிசம்பரில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன் வாக்குமூலம் எடுக்கப்பட்டது. மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள், தட்டச்சானது சிங்களத்தில், கீழே பதிந்தது சிங்கராசாவின் பெருவிரல். முதுகிலிருந்த தழும்புகளையும் இடது கண்ணின் காயத்தையும் மருத்துவ அறிக்கை குறிப்பிட்டும், கொழும்பு மேல் நீதிமன்றம் அந்தக் காகிதத்தையே நம்பி, 1995 இல் ஐம்பது ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்து ஆண்டாகக் குறைந்தது.

2004 இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு, நீதியான விசாரணைக்கான அவரது உரிமை மீறப்பட்டது என்று கண்டது. வெளியார் மொழிபெயர்ப்பாளர் இல்லாததையும், வாக்குமூலம் பற்றிய நிரூபணச் சுமை எதிரிமேல் சுமத்தப்பட்டதையும் அது சுட்டிக்காட்டியது. நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றமோ, தனிநபர் முறைப்பாடுகளுக்கு வழிவிடும் சர்வதேச நெறிமுறையில் 1997 இல் ஜனாதிபதி இணைந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று 2006 செப்டம்பரில் தீர்ப்பளித்து, சிங்கராசாவின் மனுவைத் தள்ளிவிட்டது. அந்தக் கதவு சிங்கராசாவுக்கு மட்டுமன்றி எல்லோருக்குமே சாத்தப்பட்டது.

2002 யுத்த நிறுத்த உடன்படிக்கையின்படி இச்சட்டத்தின் கீழான கைதுகள் நிறுத்தப்பட வேண்டியிருந்தன. போர் திரும்பியதும் சட்டமும் திரும்பியது. பத்திரிகையாளர் ஜெ. எஸ். திசைநாயகம் 2008 இல் கைதாகி, தாம் எழுதிய கட்டுரைகளுக்காக 2009 ஆகஸ்டில் இருபது ஆண்டுத் தண்டனை பெற்றார்; அவர் மறுத்த வாக்குமூலத்தையும் நீதிமன்றம் ஏற்றிருந்தது. மறுஆண்டு ஜனாதிபதி மன்னிப்பு வழங்கினார்.

தமிழர்மீது மட்டுமே இது பாய்ந்தது என்று எண்ணுவது தவறு. எண்பதுகளின் இறுதியில் ஜே.வி.பி. கிளர்ச்சியின்போது சிங்கள இளைஞர்களும், 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின் முஸ்லிம்களும் இதற்குள் சிக்கினர். சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லா 2020 ஏப்ரல் முதல் 2022 பெப்ரவரி வரை காவலில் இருந்தார். 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பை எழுதிய அஹ்னாப் ஜசீம் 2020 மே மாதம் கைதாகி, 2021 டிசம்பரில் பிணையில் வந்து, 2023 டிசம்பரில் விடுதலையானார். மாணவர் தலைவர் வசந்த முதலிகே 2022 'அரகலய' மக்கள் போராட்டத்துக்குப் பின் பல மாதங்கள் அடைபட்டிருந்தார்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வரிச்சலுகை அழுத்தத்தின் நடுவே 2022 மார்ச்சில் வந்த திருத்தம், தடுப்புக்காவலின் உச்சவரம்பைப் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தது. நீதவான் தடுப்பிடத்துக்குச் சென்று பார்வையிடவும் இடம் தந்தது. 16 ஆம் பிரிவை அது தொடவில்லை.