கண்டக்டர் ஏறிய படிகளும் மருத்துவ மாணவர் ஓடிய லஞ்ச் பிரேக்கும்

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். உடம்பை அசைச்சா இதயத்துக்கு நல்லதுன்னு மருத்துவ உலகத்துக்கு எப்போ தெரிஞ்சது? காலங்காலமா தெரியும்னுதான் நாம நினைச்சுட்டு இருக்கோம். ஆனா எண்களை வெச்சு அதைக் காட்டி எழுபது வருஷத்துக்குக் கொஞ்சம் மேலதான் ஆகுது.

1950களின் தொடக்கத்தில் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருப்பார்கள். 1952இல் பாஸ்டனில் சாமுவேல் லெவைன், பெர்னார்ட் லவுன் என்ற இரண்டு டாக்டர்கள், நோயாளியை நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று எழுதினார்கள். அப்போது அதுவே பெரிய துணிச்சல். நடக்க விடுவது இல்லைங்க, வெறும் உட்கார வைப்பது!

அதே காலத்தில் லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டர், மாரடைப்பு ஏன் இவ்வளவு அதிகமாகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் பட்டது லண்டனின் டபுள் டெக்கர் பஸ். ஒரே பஸ், ஒரே நிறுவனம், கிட்டத்தட்ட ஒரே மாதிரி குடும்பப் பின்னணி. ஆனால் டிரைவர் ஷிஃப்டில் பெரும்பகுதி உட்கார்ந்தே இருக்கிறார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் ஒரு நாளில் 500 முதல் 750 படி வரை ஏறுகிறார்.

35 முதல் 64 வயது வரையான சுமார் 31,000 ஆண் ஊழியர்களின் விவரங்களை மாரிஸின் குழு பார்த்தது. 1953 நவம்பரில் லான்செட் இதழில் முடிவு வந்தது. கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் தாமதமாக வந்தது, கடுமையும் குறைவு. தபால் துறையிலும் இதே கதைதான். சுற்றி வந்து கடிதம் கொடுத்தவர்கள், மேசையில் உட்கார்ந்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள்.

உடனே உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். குண்டா இருக்கறவங்கதான் டிரைவர் வேலைக்குப் போனாங்களோ? மாரிஸுக்கும் அது தோன்றியது. நிறுவனம் கொடுத்த யூனிஃபார்ம் பேன்ட்டின் இடுப்பளவுப் பதிவுகளை வாங்கிப் பார்த்தார்! டிரைவர்களின் இடுப்பு பெரிதுதான். ஆனால் பிறகு வந்த ஆய்வில், ஒல்லியோ குண்டோ, கண்டக்டர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது.

இப்போ அதே லண்டனில் இன்னொரு ஆளைப் பார்ப்போம். அந்தக் கட்டுரை வெளிவந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் 25 வயது மாணவர் ஒருவர் படித்துக்கொண்டிருந்தார். பெயர் ரோஜர் பானிஸ்டர். மதிய உணவு இடைவேளையில் பக்கத்தில் இருந்த பாடிங்டன் மைதானத்துக்குப் போய் ஓடுவார், திரும்பி வந்து வேலையைத் தொடர்வார். 1954 மே 6 காலையில் ஓட்டக் காலணியின் ஆணிகளைக் கூர் தீட்டியதுகூட மருத்துவமனையில்தான். பிறகு ரயில் ஏறி ஆக்ஸ்ஃபோர்டு. அன்று மாலை ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடினார். 4 நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடிய முதல் மனிதர் அவர்தான். அந்த வருஷமே போட்டிகளை விட்டுவிட்டார், பிற்பாடு நரம்பியல் டாக்டர் ஆனார்.

நான் இந்த ரெண்டு கதையையும் சேர்த்துச் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. மருத்துவ மாணவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள், நர்ஸ்கள் ஏன் உடற்பயிற்சி செய்வதில்லை என்ற பேச்சு வந்தாலே, "விழிப்புணர்வு வேணும்" என்று முடித்துவிடுகிறோம். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்வதை மனப்பாடமா ஒப்பிக்கக்கூடியவங்க அவங்கதான். அந்த லண்டன் கண்டக்டருக்கு எந்த விழிப்புணர்வு வகுப்பும் யாரும் எடுக்கலை. அவருக்கு இருந்தது ஒரு படிக்கட்டு. பானிஸ்டருக்கு உடலியல் தெரியும். ஆனால் அதோடு நடந்து போகிற தூரத்தில் ஒரு மைதானமும், கையில் ஒரு லஞ்ச் இடைவேளையும் இருந்தது.

அதனால எனக்கு இது சோம்பேறித்தனப் பிரச்சினையா தெரியலை, டைம்டேபிள் பிரச்சினையாத்தான் தெரியுது. நைட் டியூட்டி முடித்து நேராக அடுத்த டியூட்டிக்குப் போகிறவரிடம் "ஜிம் போனியா?" என்று கேட்பதில் அர்த்தமில்லை. கேட்க வேண்டியவை வேறு. மதிய இடைவேளை உண்மையிலேயே இடைவேளையா? ஹாஸ்டல் மைதானத்தில் ராத்திரி விளக்கு எரியுமா, பெண்களும் அங்கே நிம்மதியாக ஓட முடியுமா? மருத்துவமனைப் படிக்கட்டுக் கதவு திறந்திருக்கா, பூட்டியிருக்கா?

இது அவங்க உடம்போடு முடிகிற விஷயம் இல்லை. தானே உடற்பயிற்சி செய்யும் டாக்டர்தான் நோயாளிகளிடமும் அதைப் பற்றி அதிகம் பேசுகிறார் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஒரு மாணவர் இழக்கும் அரை மணி நேரம், நாளைக்கு அவர் முன்னால் உட்காரும் சர்க்கரை நோயாளிக்கும் போய்ச் சேருது.

மாரிஸ் என்ன செய்தார் தெரியுமா? தன் ஆய்வைத் தானே நம்பி, லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் ஹீத்தில் ஓட ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் பெரியவர் ஒருவர் சும்மா ஓடினால் ஊரே விசித்திரமாகப் பார்க்கும். அவர் கவலைப்படலை. 2009இல் இறந்தபோது வயது 99. ஒருத்தரோட ஆயுளை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாதுன்னு அவரே நமக்குச் சொல்லியிருப்பார்!

இதைக் கேட்கும் மருத்துவ மாணவர்களே, உங்க காலேஜ்ல அந்த மைதானமும் அந்த அரை மணி நேரமும் இருக்கா? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.