தோல்வியை வாசித்தவர்கள்: 1980உம் ஒன்பதாயிரம் ரூபாயும்

1980 ஜனவரி 3, 6 ஆகிய நாட்களில் நடந்த மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களில் 37ஐ தி.மு.க. - இந்திரா காங்கிரஸ் அணி அள்ளிக்கொண்டு போனது. மாநிலத்தை ஆண்டுகொண்டிருந்த அ.தி.மு.க.வுக்கு மிஞ்சியவை கோபிச்செட்டிபாளையமும் சிவகாசியும்தான். பிப்ரவரி 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு இரண்டு ஆணைகளைப் பிறப்பித்தது. பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு 1979 ஜூலையில் தானே விதித்திருந்த 9000 ரூபாய் ஆண்டு வருமான வரம்பை ஓர் ஆணை நீக்கியது. அதே இடஒதுக்கீட்டை 31 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தியது மற்றொன்று. இரண்டாம் கட்ட வாக்குப்பதிவுக்கும் இந்த ஆணைகளுக்கும் இடையே இருந்தவை 26 நாட்கள். ஒரு தோல்வி இந்த 26 நாட்களுக்குள் எப்படி வாசிக்கப்பட்டது, யார் வாசித்தார்கள், அந்த வாசிப்பு எதைத் திறந்தது, எதை மூடியது என்பதே என் அக்கறை.

நம் சமூகநீதி வரலாற்றுப் பிரதிகளில் இது ஒரு வெற்றிக் கதை. பொருளாதார அளவுகோலைக் கொண்டுவந்தார், மக்கள் தண்டித்தார்கள், புத்தி வந்து திருத்திக்கொண்டார் - இப்படி மூன்றே வாக்கியத்தில் கதை முடிந்துவிடும். எனக்கு இந்தக் கதையோடு சண்டை இல்லை, ஆனால் இது போதவில்லை.

முதலில் அந்த ஒன்பதாயிரம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அது எம்.ஜி.ஆர். கண்டுபிடித்த எண் அல்ல. கலைஞர் ஆட்சியில் 1969இல் அமைக்கப்பட்டு 1970இல் அறிக்கை தந்த சட்டநாதன் ஆணையம் ஏற்கனவே இந்த எண்ணைச் சொல்லியிருந்தது. பிற்படுத்தப்பட்டோர் மக்கள்தொகையில் பதினொரு சதவீத அளவே இருந்த ஒன்பது சாதிகள், அப்பிரிவினர் பெற்ற கெஜட்டட் பதவிகளிலும் மருத்துவக் கல்லூரி இடங்களிலும் ஏறத்தாழப் பாதியைப் பெற்றிருந்ததை ஆணையம் கணக்கிட்டுக் காட்டியது. அதற்கு இரண்டு மருந்துகளைப் பரிந்துரைத்தது. ஒன்று, மிகவும் பிற்படுத்தப்பட்டோரைத் தனியே பிரிப்பது. இன்னொன்று, மேலேறிவிட்டவர்களை விலக்குவது. 9000க்கு மேல் சம்பளம் வாங்குபவர், பத்துத் தரநிலை ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவர், 9000க்கு மேல் வரிக்குரிய வருமானம் உள்ள வணிகர் ஆகியோரை விலக்கச் சொன்னது. தி.மு.க. அரசு இரண்டையும் எடுத்துக்கொள்ளவில்லை. 1971இல் 25ஐ 31 ஆக்கியதோடு நிறுத்திக்கொண்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பரிந்துரையில் பாதியைத் தூசி தட்டி எடுத்தது. மிகவும் பிற்படுத்தப்பட்டோரைப் பிரிப்பதை விட்டுவிட்டது. நிலத்தையும் விட்டுவிட்டது. வருமானம் என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டது. இடையில் எழுபதுகளின் விலையேற்றத்தில் ரூபாய் தேய்ந்துபோயிருந்தது, எண் மட்டும் தேயாமல் இருந்தது.

நிலம் விடுபட்டதுதான் இதில் முக்கியமான இடம். எங்கள் குடும்பத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. பெரியப்பா, பெரியம்மா இருவரும் ஆசிரியர்கள். ரெண்டு சம்பளத்தையும் கூட்டினால் மாதம் 750ஐத் தாண்டிவிட்டது. அந்த வருஷம் கல்லூரிக்கு மனுப் போட்ட அக்கா பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டார். பம்புசெட்டும் நஞ்சையும் வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் மகனுக்கோ வருமானச் சான்றிதழ் சுலபமாகக் கிடைத்தது. ‘நம்ம சம்பளச் சீட்டு பேசுது, அவன் வயலு பேசமாட்டேங்குதே’ என்பார் பெரியப்பா. சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர் தாசில்தார் என்றாலும், அதற்கு அடிப்படையான தகவல் கிராமத்துக் கணக்கிலிருந்து வந்தது. அந்தக் கணக்கு அன்று பரம்பரை மணியக்காரர், கர்ணத்தின் கையில் இருந்தது. அந்தப் பதவிகள் 1980 நவம்பரில்தான் ஒழிக்கப்பட்டன. எவ்வளவு சம்பாதிக்கிறான் என்பதைச் சொல்லும் அதிகாரமே சாதியின் கையில் இருந்த ஊரில், வருமானம் சாதியைக் கடந்த அளவுகோல் என்று சொல்வது வேடிக்கை. பொருளாதார அளவுகோலை ஆதரித்த மார்க்சியத் தோழர்கள் எவரும் இதைப் பேசி நான் கேட்டதில்லை.

ஆனால் எம்.ஜி.ஆர். இதை யாரையோ திருப்திப்படுத்தச் செய்த சூழ்ச்சியாக மட்டும் பார்ப்பதும் சோம்பேறித்தனம். அண்டை மாநிலமான கேரளத்தில் பத்தாயிரம் ரூபாய் வரம்பு இருந்தது. உச்ச நீதிமன்றம் 1976இல் அதை ஏற்றிருந்தது. பீகாரில் கர்ப்பூரி தாக்கூர் 1978இல் கொண்டுவந்த 26 சதவீதத்தில் மிகவும் பின்தங்கியோருக்குத் தனிப்பங்கும், முற்பட்ட சாதி ஏழைகளுக்கு 3 சதவீதமும் இருந்தன. காற்று அந்தப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. அதோடு எம்.ஜி.ஆரின் அரசியல் மொழியே ‘ஏழை’ என்ற சொல்லின் மேல் கட்டப்பட்டது. திரையில் அவர் ஏழைக்காக அடித்தார், அடிபட்டார். சாதியின் பெயரைச் சொல்லவேண்டி வரவில்லை. அல்தூசர் கருத்தியலின் ‘விளித்தல்’ பற்றிப் பேசுகிறாரே, அதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். நீதிக்கட்சியிலிருந்து பெரியார் வழியாக வந்த மரபு தமிழனைப் ‘பார்ப்பனரல்லாதவனே’, ‘பிற்படுத்தப்பட்டவனே’ என்று கூப்பிட்டது. எம்.ஜி.ஆர். ‘ஏழையே’ என்று கூப்பிட்டார். இரண்டு குரலுக்கும் திரும்பிப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஒரே ஆட்கள்தான். 1979 ஜூலை ஆணை அந்த ஆட்களிடம், இரண்டில் ஒரு பெயரைத் தேர்ந்தெடு என்று கேட்டது.

எதிர்ப்பு உடனே எழுந்தது. கி.வீரமணி தலைமையில் திராவிடர் கழகம் ஆணையின் நகலை எரித்தது. தி.மு.க. மேடைதோறும் பேசியது. அவர்களுடைய வாதம் இன்றைக்கும் வலுவானது. அரசியல் சட்டத்தின் 15(4) ‘சமூகரீதியாகவும் கல்விரீதியாகவும்’ பின்தங்கியோர் என்றுதான் சொல்கிறது, அதில் பொருளாதாரம் என்ற சொல் இல்லை. இடஒதுக்கீடு வறுமை ஒழிப்புத் திட்டமல்ல, அதிகாரத்தில் பங்கு. முதல் தலைமுறையாகச் சம்பளம் பார்த்த குமாஸ்தாவின் பிள்ளைதான் போட்டிக்கு நிற்கத் தயாராக இருக்கிறான், அவனைத் தள்ளினால் அந்த இடம் அவனைவிட ஏழைக்குப் போகாது, காலியாகிப் பொதுப்பட்டியலுக்குப் போகும். இவற்றில் எதையும் மறுக்க எனக்கு முகாந்திரம் இல்லை.

பிறகு தேர்தல் வந்தது. தோல்விக்கு என்னவெல்லாம் காரணமாக இருந்திருக்கலாம்? நாடு முழுக்க ஜனதா சிதறிக் கிடந்தது, இந்திரா 353 இடங்களோடு திரும்பினார். அந்த ஜனதாவோடுதான் அ.தி.மு.க. கூட்டுச் சேர்ந்திருந்தது. 1977 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க.வும் காங்கிரசும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும் சேர்ந்து 34 இடங்களைப் பிடித்தன. இப்போது காங்கிரஸ் எதிர்ப்பக்கம் போய்விட்டது. கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் ஆணை எண்ணைச் சொல்லாமலேயே இந்தத் தோல்வியை விளக்கிவிட முடியும்.

ஆனால் கூட்டல் கழித்தலும் ஐந்து மாதம்கூடத் தாங்கவில்லை. பிப்ரவரி 17 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. மே கடைசியில் சட்டமன்றத் தேர்தல். எதிரே அதே தி.மு.க. - இந்திரா காங்கிரஸ் கூட்டணி, அதே வாக்காளர்கள். அ.தி.மு.க. மட்டும் 129 இடங்களில் வென்றது, தி.மு.க.வுக்கு 37. வரம்பை நீக்கி 50 ஆக்கியதற்குப் பரிசு என்றார்கள் சிலர். கலைப்பின் மேல் வந்த கோபம் என்றார்கள் சிலர். டெல்லிக்கு இந்திரா, கோட்டைக்கு எம்.ஜி.ஆர். என்று சனங்க தெளிவாகத்தான் இருந்தாங்க என்றார்கள் வேறு சிலர். யார் எந்தச் சாதி, எந்த வருமானம் என்று வாக்குச்சீட்டில் எழுதியிருக்கவில்லை. தேர்தல் முடிவு பேசுவதில்லை, பேசவைக்கப்படுகிறது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சி தோற்ற மறுநாளே, அடையாளத்தைப் பேசித் தோற்றோமா, விலைவாசியைப் பேசாமல் தோற்றோமா என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவரவர் தேர்தலுக்கு முன்பே வைத்திருந்த காரணம்தான் பெரும்பாலும் அது.

1980 ஜனவரியில் வருமான வரம்பே தோல்விக்குக் காரணம் என்ற வாசிப்பு ஏன் வென்றது? இங்கேதான் வர்க்கத்தைச் சொல்லியாக வேண்டும். வரம்பால் இழந்தவர்கள் ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், வங்கி ஊழியர்கள், வக்கீல்கள், இரண்டு கழகங்களின் ஒன்றிய, மாவட்ட நிர்வாகிகள். பேசத் தெரிந்தவர்கள், சங்கம் வைத்திருந்தவர்கள், பத்திரிகைக்கு எழுதக்கூடியவர்கள். ஊரில் தேர்தலுக்குக் காரணம் சொல்வதும் இவர்கள்தான். என் பெரியப்பா அப்படிப்பட்டவர். அவர் கோபம் நியாயமான கோபம். அவர் வீடு இருந்த அதே தெருவின் கோடியில் ஒரு சலவைத் தொழிலாளர் குடும்பம் இருந்தது. ஒன்பதாயிரம் என்பது அவர்கள் வருமானத்துக்குச் சம்பந்தமில்லாத எண். ஆணை வந்தபோதும் அவர்கள் வீட்டில் ஒன்றும் மாறவில்லை, ரத்தானபோதும் மாறவில்லை. மூத்த பிள்ளை ஐந்தாம் வகுப்போடு நின்றிருந்தான். 31 என்றாலும் 50 என்றாலும் அந்த வீட்டுக்குள் வர ஒரு பள்ளி இறுதித் தேர்வு குறுக்கே இருந்தது. அவர்கள் ஜனவரியில் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்று யாரும் போய்க் கேட்கவில்லை.

தலித்துகளை எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய 18 சதவீதத்தை 1979 ஆணை தொடவில்லை, 1980 ஆணையும் தொடவில்லை. 31 ஐம்பதானபோது 18 பதினெட்டாகவே இருந்தது. ‘ஏழை’ என்ற பொதுப்பெயர் அவர்களை எவ்வளவு காத்தது என்பதற்கு, அதே ஆட்சியில் 1978 ஜூலையில் 12 தலித்துகள் கொல்லப்பட்ட விழுப்புரம் சாட்சி. ‘பிற்படுத்தப்பட்டோர்’ என்ற மற்றப் பெயரிலோ அவர்கள் இல்லவே இல்லை. சமூகநீதியா பொருளாதாரமா என்று இரண்டு தரப்பும் மல்லுக்கட்டிய அந்த ஆறேழு மாதமும், இரண்டும் ஒன்றாகவே தலையில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் விவாதத்துக்கு வெளியே இருந்தார்கள்.

எம்.ஜி.ஆர். இந்தத் தோல்வியிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் மிக நுட்பமானது. இரண்டு பெயர்களையும் அவர் இரண்டு இலாகாக்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். படிப்பும் வேலையும் சாதிக் கணக்கில் வந்தன, சோறு ஏழைக் கணக்கில் வந்தது. 1982 ஜூலை 1இல் சத்துணவு வந்தது. அந்தச் சலவைத் தொழிலாளர் வீட்டின் கடைசிப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் தங்கியதற்குக் காரணம் அந்தச் சோறுதான். இதை ஏளனம் செய்பவர்களை நான் மதிப்பதில்லை. ஆனால் இதன் பிறகு, பிற்படுத்தப்பட்டோருக்குள் யாருக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்ற கேள்வியைப் பொருளாதார மொழியில் கேட்பது தமிழ்நாட்டில் முடியாத காரியமாகிவிட்டது. கேட்டவன் பார்ப்பனியத்தின் கையாள் என்றானான். கேட்டவர்களில் கணிசமானோர் இடஒதுக்கீட்டையே வெறுத்தவர்கள் என்பதும் உண்மை, அது இன்னும் சிக்கலாக்கியது.

கேட்கக்கூடாத அந்தக் கேள்வி வேறு உடையில் திரும்பி வந்தது. 50 சதவீதத்தை எதிர்த்த வழக்கின் தொடர்ச்சியாக 1982 டிசம்பரில் அமைந்த அம்பாசங்கர் ஆணையம், சட்டநாதன் கண்ட அதே குவியலை மறுபடி கண்டது. 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கம் ஒரு வாரம் சாலைகளை மறித்தது, 21 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் கேட்டது வருமான வரம்பை அல்ல, தங்கள் சாதிக்குத் தனிப்பங்கை. 1989இல் கலைஞர் ஐம்பதை 30, 20 என்று பிரித்து மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு இடம் தந்தார். சட்டநாதன் சொன்ன முதல் மருந்து இப்படிப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, ரத்தம் சிந்திய பிறகு வந்தது. 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு. 2021 பிப்ரவரியில் வன்னியருக்கு 10.5 சதவீதச் சட்டம். அந்தத் தேர்தலில் அ.தி.மு.க. தோற்றதும், தெற்கே 10.5தான் கவிழ்த்தது என்று மறுபடியும் ஒரு வாசிப்பு கிளம்பியது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாதென்றது.

ஏழைக்குள் சாதி உண்டு என்று 1979இல் சொன்னவர்கள் சரி. சாதிக்குள் ஏழை உண்டு என்பதைத் தமிழகம் அதன் பிறகு சாதிக்குள் சாதி என்றே மொழிபெயர்த்துக்கொண்டது. இந்த மொழிபெயர்ப்பு சில இடங்களில் நியாயத்தைக் கொண்டுவந்தது. அருந்ததியர் ஒதுக்கீட்டை நான் அப்படித்தான் பார்க்கிறேன். ஆனால் ஒரே சாதிக்குள் நிலம் உள்ளவனும் கூலிக்காரனும் ஒரே பெயரில் நிற்கும்போது கூலிக்காரன் பேசுவதற்கான மொழி எது? மண்டல் வழக்கில் 1992இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ‘கிரீமி லேயர்’ தமிழக ஒதுக்கீட்டுக்குள் நுழையவிடப்படவில்லை. பெரியாரிய நண்பர்கள் அதைச் சாதனை என்பார்கள். 1979இன் கசப்பு தெரிந்தவன் என்ற முறையில் அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. புரிகிறது என்பதற்காக, அந்தக் கூலிக்காரனுக்குப் பதில் கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

2019 ஜனவரியில் 103ஆவது திருத்தம் வந்தது. வருமானம் என்ற அளவுகோல் இந்த முறை ஏற்கனவே இடஒதுக்கீடு பெறும் பிரிவினர் அனைவரையும் வெளியே நிறுத்திவிட்டு வந்தது, வரம்பு எட்டு லட்சம். ஒன்பதாயிரத்தின் காலத்தில் மாதம் 750 வாங்கிய ஆசிரியர் வசதி படைத்தவர். எட்டு லட்சத்தின் காலத்தில் மாதம் 66,000 வாங்கும் முற்பட்ட சாதிக்காரர் நலிந்தவர். 2022 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் திருத்தத்தை ஏற்றது. ஐந்து நாள் கழித்துச் சென்னையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம் அதை நிராகரித்தது. 1980இல் 39க்கு 2 வாங்கிய கட்சி அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை.