விருந்தோம்பல் கற்பிக்கும் உபாத்தியாயர்களின் தகுதி



நம் சமூகத்துப் பிள்ளைகளிற் பலர் இக்காலத்தில் விடுதித் தொழிற் கல்லூரிகளை நாடிச் செல்கின்றனர். நகையை அடகு வைத்தும் நிலத்தை ஒற்றி வைத்தும் சம்பளங் கட்டுங் குடும்பங்கள் நம்முள் உண்டு. மூன்று வருஷம் பயின்ற பிள்ளை, பெரிய விடுதியின் சமையற்கட்டில் முதல் நாளே திகைத்து நிற்பானாயின், குற்றம் அவன்மேல் மாத்திரம் சுமத்தத்தக்கதோ? கற்பித்தவர் அத்தொழிலைத் தம் கையாற் செய்தறிந்தவரோ என்று நாம் விசாரிப்பதில்லை. இவ்விஷயத்திற் பிற தேசத்தார் நடந்துகொண்ட முறையைச் சரித்திர வாயிலாக அறிவது நலம்.

ஆதியில் இத்தொழிலுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. 1850-இல் ஸ்விட்ஸர்லாந்தின் மலைக்கிராமமொன்றிற் குடியானவர் வீட்டிற் பிறந்த சேஸர் ரிட்ஸ், விடுதிகளில் ஊழியஞ் செய்தே தொழில் கற்று, 1898-இல் பாரிஸ் மாநகரில் தம் பெயரால் விடுதி திறந்தார். அந்நாளில் எஜமானனே ஆசான். அவன் தகுதிக்கு அவன் விடுதியே சாட்சி.

இருப்புப்பாதை பரவியபின் ஆல்ப்ஸ் மலைநாட்டிற்கு யாத்திரிகர் திரளாக வந்தனர், விடுதிகள் பெருகின, தேர்ந்த ஊழியர் போதவில்லை. 1882-இல் சங்கமாகக் கூடியிருந்த அந்நாட்டு விடுதிக்காரர்கள், 1893-இல் லோஸான் நகரத்தில், ஜாக் சூமி என்னும் விடுதிக்காரர் முயற்சியால், இத்தொழிலுக்கென்றே ஒரு பாடசாலையைத் தொடங்கினர். முதலிற் சேர்ந்தவர் 27 மாணாக்கர். வகுப்பு நடந்ததும் ஒரு விடுதியிலேதான். பாடசாலையை அமைத்தவர்களே அங்குப் பயின்றோரை வேலைக்கு வைப்பவர்களுமாதலால், கற்பிப்போர் குறை வெகுநாள் மறைந்திருக்க வழியில்லை.

அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலை 1922-இல் ஹவர்ட் மீக் என்பாரைக் கொண்டு இக்கல்வியைத் தொடங்கிற்று. சிறுவனாய் விடுதியிற் பெட்டி சுமந்து பெருந்தனவந்தரான எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர், இத்தொழில் பள்ளியிற் கற்கத்தக்கதன்று என ஐயுற்றிருந்தார் என்பர். 1926 முதல் அங்கு மாணாக்கர் தாமே ஒரு விடுதியை நடத்தித் தொழிலறிந்தோரை விருந்தினராக அழைக்கும் வழக்கம் உண்டாயிற்று. அதனை நேரிற் கண்டபின் ஸ்டாட்லரின் ஐயம் நீங்கிற்று. பிற்காலத்தில் அவர் பெயரால் அமைந்த தருமநிதி அப்பள்ளிக்குப் பேருதவி புரிந்தது. அவ்விருந்திற் பரீக்ஷிக்கப்பட்டவர் மாணாக்கர் மட்டுமல்லர். உபாத்தியாயரும் உடன் பரீக்ஷிக்கப்பட்டனர்.

நம் தேசத்தில் 1954-இல் பம்பாயில் லீலாவதி முன்ஷி அம்மையாரின் முயற்சியால் இத்தகைய கல்லூரி தோன்றிற்று. சென்னைத் தரமணியிலும் ஒன்று நடைபெறுகின்றது. 1982-இல் இவற்றை மேற்பார்க்கத் தேசியக் கவுன்சில் ஏற்பட்டது. ஆசிரியராக விரும்புவோர்க்கு அது தனித் தகுதித் தேர்வும் வகுத்தது. இது போற்றத்தக்கதே. ஆயினும் எழுத்துத் தேர்வு நூலறிவை அளக்குமேயன்றி, சினந்து நிற்கும் விருந்தினரை இன்சொல்லால் அமைதிப்படுத்தும் திறத்தை அளக்காது.

தேறினவர் தொகையைக் கொண்டு உபாத்தியாயரை மதிப்பிடலாமெனச் சிலர் கூறுவர். அது தவறு. அவ்வாறாயின் யாவரையும் தேறச் செய்வதே அவர் தொழிலாகிவிடும். எம் கருத்து மூன்று. உபாத்தியாயர் சில ஆண்டுகளுக்கொருமுறை சில மாதம் விடுதியில் வேலை செய்து திரும்பல் வேண்டும். கல்லூரிப் போஜனசாலையிற் பணங்கொடுத்து உண்போர் வந்து குறைநிறை கூறல் வேண்டும். வெளியேறிய மாணாக்கரின் திறமையை ஓராண்டு கழித்து, அவரை வேலைக்கு வைத்தவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

இவ்வளவும் கேட்போர் உபாத்தியாயர்க்கு உரியதையும் கொடுத்தல் வேண்டும். விடுதிக்கு அனுப்பும் மாதங்களில் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு உயர்ந்த தகுதியை எதிர்பார்ப்பது நீதியாகாது.

வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துச் சிறப்பித்த விருந்தோம்பல் இன்று நம் பிள்ளைகளுக்குப் பிழைப்புமாகியிருக்கின்றது. ஆதலின், பிள்ளையைச் சேர்க்குமுன் கட்டடத்தின் அழகைப் பார்த்து மயங்காது, கற்பிப்போர் எங்கே, எத்தனை வருஷம் வேலை செய்தனர் என்று பெற்றோர் கேட்பாராக. நம் சங்கத்தாரும் வித்தியா நிதியிலிருந்து உதவி வழங்குமுன் இதனையே கேட்பாராக. பலர் கேட்குங் கேள்விக்குக் கல்லூரிகள் விடை கூறியே தீரவேண்டும்.