சித்தன்னவாசல் கல்லில் ஒரு 'கு'

ஆங்கிலத்தில் 'ஃபார்' என்ற சின்னச் சொல்லுக்கு எத்தனையோ பொருள்கள் உண்டு. தமிழில் அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்வது 'கு' என்னும் நான்காம் வேற்றுமை உருபு. அதன் பழமைக்குப் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே கல்லில் சான்று இருக்கிறது.

சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டம் என்ற குகை உள்ளது. அங்கே சமண முனிவர்களின் கற்படுக்கைகளில் ஒன்றின் அருகே தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒன்று உண்டு. வயது ஏறத்தாழ 2,000 ஆண்டுகள். எருமி நாட்டுக் குமிழூரில் பிறந்த காவுடி ஈதென் என்பவருக்குச் சிறுபாவில் இளயர் செய்த இருக்கை என்பது அதன் செய்தி. எருமி நாடு இன்றைய மைசூர்ப் பகுதி என்பது கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவனின் கருத்து.

கல்லில் இருப்பது 'ஈதென்கு'. இன்று 'ஈதெனுக்கு' என்போம். அந்த ஓர் எழுத்து இல்லையென்றால் ஈதெனும் இருக்கையைச் செய்தவர்களில் ஒருவர் என்றே படிக்கத் தோன்றும். தொலைவிலிருந்து வந்த துறவிக்கு உள்ளூர்க்காரர் அளித்த கொடை என்பதே மறைந்துபோகும்.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரும் சமணரே. 'கு'வின் பொருள்களை அவர் வரிசைப்படுத்தினார்:

கொடை - ஏழைக்குச் சோறு
பகை - பாம்புக்குக் கீரி
நேர்ச்சி (நட்பு) - அவனுக்கு நண்பன்
தகுதி - அரசனுக்கு முடி
அதுவாதல் - வளையலுக்குத் தங்கம்
பொருட்டு - கூலிக்கு வேலை
முறை - கண்ணனுக்குத் தம்பி

'காய்ச்சலுக்கு மருந்து' என்பதில் இருப்பது பகை. 'குழந்தைக்கு மருந்து' என்பதில் கொடை. உருபு ஒன்றுதான், பொருள் நேர் எதிர். பவணந்தியார் பட்டியலில் முதலில் நிற்பது கொடை. சித்தன்னவாசல் பாறையில் இருப்பதும் அதுவே.